‘தோல்’ என்ற சொல்லுக்கு ஓர் இடம்

விண்ணைப் படைத்து, மண்ணைப் படைத்து, மண்ணிலிருந்து நம்மைப் படைத்து, நம் எலும்பும் நரம்பும் வெயிலிலும் மழையிலும் வெளியே கிடந்து வாடக்கூடாது என்று ஒரு தோலையும் போர்த்தி அனுப்பி வைத்த எல்லாம் வல்ல இறைவனுக்கு என் முதல் வணக்கம்!

இந்தத் திறப்பு விழாவுக்குத் தலைமை தாங்கி வீற்றிருக்கும், கம்பம் கடைவீதியில் கல்லாவை விட்டு எழுந்தே பழகாத, எழுந்தாலும் எங்களுக்காக மட்டுமே எழுந்து வந்திருக்கும் வர்த்தகப் பெருந்தகை ஐயா அய்யாத்துரை அவர்களே! காலைத் திருப்பலி முடிந்த கையோடு தீர்த்தச் செம்பும் கையுமாகக் கடையை மந்திரிக்க வந்திருக்கும் எங்கள் பங்குத்தந்தை அவர்களே! கொடிக்கு மருந்தடிக்கிற வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கும் திராட்சைத் தோட்டத்துப் பெரியவர்களே! அடுப்பை அணைத்தோமா, அணைக்கவில்லையா என்ற யோசனை ஒரு பக்கம் அரித்துக்கொண்டிருந்தாலும், அசையாமல் அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! தலைக்குத் தலை ஒரு கார் வைத்திருக்கும், ஆனால் இன்றைக்கு இங்கே நடந்தே வந்திருக்கும் டிரைவர் தம்பிமார்களே! உங்கள் எல்லோருக்கும் வியாகுலமேரியின் பணிவான வணக்கம்.

வணக்கத்துக்கே இவ்வளவு செலவழித்துவிட்டால் பேச்சுக்கு என்ன மிச்சம் இருக்கும் என்று அங்கே யாரோ கேட்பது காதில் விழுகிறது. தம்பி, நான் குடும்பக் கணக்கு எழுதுகிறவள். மாதக் கடைசிக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்!

நான் மேடைப் பேச்சு பயின்றவள் அல்ல. பொட்டலம் கட்டி வருகிற தாளைப் பிரித்து வாசித்து வாசித்தே எழுத்துக் கூட்டியவள். எங்கள் பங்குக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியத்துக்குக் கணக்குப் பார்க்கிறேன், ஜெபமாலை சொல்கிறேன், சோறு வடிக்கிறேன். அப்படிப்பட்ட நான், காரின் தோல் இருக்கையைத் துடைப்பது எப்படி என்று பேசவா மேடை ஏறினேன்? ஆமாம், அதைப் பேசத்தான் ஏறினேன்! துடைக்கத் துடைக்க நான் கண்ட அதிசயத்தைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. அதனால்தான் ஏறினேன்!

கர்ணனை உங்களுக்குத் தெரியும். அதோ, மாமரத்துக்குக் கீழே மஞ்சள் சட்டையில் நிற்கிறாரே, காமயகவுண்டன்பட்டிக் கர்ணன். வாடகைக்கு வண்டி ஓட்டுகிறவர். குமுளிப் பக்கம் ஏலத்தோட்டக்காரர் ஒருவர் வைத்திருந்த காரை ஆசை ஆசையாக வாங்கினார். உள்ளே அத்தனையும் அசல் தோல் இருக்கை. தேன் நிறம். கதவைத் திறந்தால் ஏதோ அரண்மனைக்குள் எட்டிப் பார்ப்பது போல இருக்கும்.

கார்த்திகை பிறந்தது. நம் பள்ளத்தாக்கில் கார்த்திகை பிறந்தால் சாலை எப்படி இருக்கும்? கறுப்பு வேட்டியும் சரண கோஷமுமாக, கூடலூர் தாண்டி, குமுளி தாண்டி, மலை ஏறுகிற வண்டிகளுக்கு நடுவே நம் ஊர்ச் சேவல் கூடச் சாலையைக் கடக்க முடியாது. கர்ணனும் மாலை போட்டார். மாலை போட்டவர் இடுப்பில் தோல் பெல்ட் கட்டமாட்டார், காலில் செருப்பு போடமாட்டார். அப்படி இருக்கத் தோல் இருக்கையில் சாமிமார் உட்காரலாமா? கர்ணன் யோசித்தார். யோசித்து, கெட்டியான பிளாஸ்டிக் உறை வாங்கி, இருக்கை ஒவ்வொன்றுக்கும் அளவெடுத்துத் தைத்து, காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டிவிட்டார். மலைக்குப் போனார், வந்தார். மறுபடியும் போனார், வந்தார். குளித்த ஈரத்தோடும் மழை நனைந்த வேட்டியோடும் சாமிமார் உட்கார்ந்தார்கள். தையல் ஓட்டை வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கிய தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே குடியிருந்தது. மகர விளக்கு முடிந்து, மாலை கழற்றி, உறையைக் கிழித்துப் பார்த்தால்...

தாய்மார்களே, மாவு சலித்துக் கொட்டியது போலப் பூஞ்சணம்! தேன் நிறத்துக்கு மேலே வெள்ளை வெள்ளையாகப் படை. கதவைத் திறந்தால் நாற்றம் ஆளைத் தள்ளுகிறது. பட்டறையில் காட்டினார். “எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டு ரெக்சின் தைச்சுருங்க” என்று சொல்லிவிட்டார்கள். கர்ணன் நேராக ரீட்டா வீட்டு வாசலில் கொண்டு வந்து வண்டியை நிறுத்தினார்.

“அக்கா, சாமிக்கு ஆகாதுன்னுதான மூடுனேன்? அதுவே சாமி குத்தமாயிருச்சே!” என்றார். கண் கலங்கி நின்றார்.

சிரிக்காதீர்கள். அவர் பக்தியில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் பிளாஸ்டிக்கில்தான்! மூச்சு விடுகிற ஒன்றை மூச்சு விடாத ஒன்றால் இறுக்கி மூடினால், அது எத்தனை நல்ல எண்ணத்தோடு மூடியதாக இருந்தாலும், உள்ளே இருப்பது புழுங்கத்தானே செய்யும்?

ரீட்டாவிடம் ஏன் வந்தார்? ரீட்டா கல்யாணத்துக்கு முன்னால் தேனியில் ஒரு கார் விற்பனைக் கடையில் வண்டிகளின் உள்பக்கம் துடைக்கிற வேலையில் இருந்தவள். கூடவே வேலை பார்த்தவள் நம் ஊர் ஏஞ்சல். இரண்டு பேருக்கும் ஒரே கனவு. சொந்தமாக ஒரு கடை வைத்துக் கார்களின் தோல் இருக்கையைச் சுத்தம் செய்து, பதப்படுத்தி, பராமரித்துக் கொடுக்க வேண்டும். ரீட்டாவின் கணவர் ஆல்பர்ட் வெளிநாட்டிலிருந்து போனில் சரி சொல்லிவிட்டார். ஆனால் கடை வைக்க இருப்பது வீட்டின் முன்பக்கம். முன்பக்கம் யாருடைய பாகம்? ஆல்பர்ட்டின் அண்ணன் பங்கிராஸ் அண்ணனுடைய பாகம்.

பங்கிராஸ் அண்ணன் கெட்டவர் இல்லை. கோயில் தேருக்கு வடம் பிடிப்பதில் முதல் கை அவர் கைதான். ஆனால் கர்ணன் வண்டி வந்த அன்றைக்கு ரீட்டா போய்க் கேட்டதும் அவர் முகம் மாறியது. பக்கத்தில் நான் இருந்தேன்.

“ஏத்தா, நம்ம வீட்டு வாசல்ல தோல் வேலையா? ஊர்ல நாலு பேர் என்ன பேசுவாக?”

“கார் சீட்டத் தொடைக்கிற வேலதான அத்தான்?”

“அது சரி. செய்யி. நான் ஒண்ணும் குறுக்க நிக்கல. போர்டுல லெதர்னு போட்டுக்க. லெதர்னா கௌரவமா இருக்கும். தோல்னு எழுதுன, அந்த ஷட்டர் தெறக்காது.”

கேட்டீர்களா? லெதர் என்றால் கௌரவம். தோல் என்றால் கேவலம். ஒரே மாடு, ஒரே மேனி. இங்கிலீஷில் சொன்னால் நாற்காலி போடுகிறோம். தமிழில் சொன்னால் தெருவுக்கு அந்தப் பக்கம் நிறுத்துகிறோம்!

ஏன் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மேடையில் பேசக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் பேசாமல் இறங்கினால் அதைவிடக் கூச்சமாக இருக்கும். ஏஞ்சலின் அப்பா செருப்புத் தைத்தவர். அவருடைய அப்பா மேளத்துக்குத் தோல் கட்டியவர். ‘தோல்’ என்கிற அந்த ஒரு சொல்லைச் சொல்லித்தானே அந்தத் தெருவையே நாம் அந்தப் பக்கம் வைத்திருந்தோம்? ஒரே கோயிலில், ஒரே நற்கருணை அப்பம் வாங்கிக்கொண்டே!

பங்கிராஸ் அண்ணன் சொன்னதைக் கேட்டுவிட்டு ஏஞ்சல்தான் முதலில் பேசினாள். “விடுக்கா. லெதர்னே போட்டுக்குவோம். எனக்கு வேல நடந்தாப் போதும்.”

ரீட்டா அவளைத் திரும்பிப் பார்த்தாள். “எனக்குப் போதாதுடி” என்றாள்.  கர்ணனின் வண்டியைத் தென்னை நிழலுக்குத் தள்ளச் சொன்னாள்.

இப்போது வேலையைக் கேளுங்கள். நான் தட்டுமுட்டுச் சாமான் எடுத்துக் கொடுக்கப் போனவள். போன இடத்தில் வாய் பிளந்து நின்றுவிட்டேன்.

கதவெல்லாம் திறந்து காற்றாடப் போட்டார்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, காய்ந்த பூஞ்சணத்தை முதலில் மெல்லிய பிரஷ்ஷால் வெளியே தட்டி எடுத்தார்கள். நான் அவசரப்பட்டு ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போனேன். ரீட்டா ஓடி வந்து வாளியைப் பிடித்துக்கொண்டாள்.

“அய்யோ மேரியக்கா, அதுக்குத் தண்ணியக் காட்டாதீக. நுரைய மட்டும் காட்டணும்!”

நுரையைக் காட்டுவதாம்! குழந்தைக்கு நிலாவைக் காட்டுவது போல. தோலுக்கென்று உள்ள மருந்தைத் தண்ணீரில் கலந்து, கலக்கி, நுரை எழுப்பி, அந்த நுரையை மட்டும் அள்ளி, முதலில் இருக்கைக்கு அடியில், யார் கண்ணிலும் படாத ஓர் ஓரத்தில் தடவிப் பார்த்தாள். நிறம் போகிறதா என்று பொறுத்திருந்து பார்த்தாள். போகவில்லை என்று தெரிந்த பிறகுதான் மேலே கை வைத்தாள். ஒரு கையகலம் அளவு இடம். அதில் வட்ட வட்டமாகத் தேய்ப்பது, ஈரத் துணியால் ஒற்றி எடுப்பது, காய்ந்த துணியால் துடைப்பது. பிறகு அடுத்த கையகலம். வெயிலில் காட்டாமல், நிழலிலேயே உலரவிடுவது.

இதற்குள் தெருவே கூடிவிட்டது. தெரு கூடினால் யோசனைக்குப் பஞ்சமா? “தேங்கா எண்ணெயத் தேய்ங்கடி, பளபளன்னு வரும்!” என்றது ஒரு குரல். “வரும்த்தா, ரெண்டு நாள்ல சிக்கு வாடையும் வரும்!” என்றாள் ஏஞ்சல். “சீயக்காய் போடு!” என்றது இன்னொரு குரல். அப்போது தோலை மெதுவாக்கப் பூசுகிற கண்டிஷனர் தீர்ந்துபோய், கடையில் வாங்கி வரச் சொல்லி நம் விஜயகுமார் பொஞ்சாதியை அனுப்பினோம். அவர்கள் ஓடிப்போய் ஓடிவந்து, தலைக்குத் தேய்க்கிற பாக்கெட்டை நீட்டினார்கள்.

“இது முடிக்கு மதினி. நான் கேட்டது தோலுக்கு!” என்றாள் ரீட்டா.

“தோலுக்குன்னு மொதல்லயே சொல்லியிருந்தா மஞ்சப்பொடி வாங்கியாந்திருப்பேன்ல?”

மதினி, தலையைக் குனியாதீர்கள்! உங்கள் பேரைச் சொல்லவில்லையே நான்! அதோடு, நீங்கள் சொன்னதில் எவ்வளவு பெரிய உண்மை இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. மாட்டின் மேனிக்கும் தோல் என்றுதான் பேர். மதினியின் மேனிக்கும் தோல் என்றுதான் பேர். தமிழ் இரண்டையும் பிரித்து வைக்கவே இல்லை!

இருக்கை உலர்ந்தது. சரியான கண்டிஷனர் கம்பத்திலிருந்து வந்து சேர்ந்தது. ஏஞ்சல் ஒரு பஞ்சில் கொஞ்சமாக எடுத்து மெல்லத் தடவினாள். என் கண்ணால் பார்த்தேன் பெரியோர்களே, தடவிய குழம்பு கண்முன்னே காணாமல் போனது! மேலே நிற்கவில்லை, வழியவில்லை. உள்ளே போய்விட்டது. குடிக்கிறது! அந்தத் தோல் குடிக்கிறது!

எந்த நாட்டுப் புல்வெளியில் மேய்ந்த மாடோ! எந்த ஆற்றில் இறங்கித் தண்ணீர் குடித்ததோ! எந்தக் கன்றை நக்கிக் கொடுத்ததோ! அதன் மூச்சு நின்று எத்தனையோ காலம் ஆயிற்று. ஆனால் ஆண்டவர் ஊசி முனையால் குத்தி வைத்தது போல வைத்த அந்த மயிர்க்கால் ஒவ்வொன்றும் இன்னும் திறந்திருக்கிறது. கொடுத்தால் வாங்கிக்கொள்கிறது. செத்த பிறகும் தாகம் தீராத ஒரு பொருளை, செத்த பிறகும் சேவை மறவாத ஒரு பொருளை, செத்த பிறகும் தொட்டால் நெகிழ்கிற ஒரு பொருளை நீங்கள் வேறு எங்கே கண்டீர்கள்?  சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன்.

முதுகு சாய்கிற இடத்தில் ஒரு கோடு தெரிந்தது. கறை என்று நினைத்து நான் அழுத்தித் தேய்க்கப் போனேன். ரீட்டா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அது கறை இல்லக்கா. உசுரோட இருந்தப்ப வேலியில கீறுன தழும்பு. அது போகாது. போகவும் கூடாது.”

தழும்பு! அந்த மாடு உயிரோடு எங்கோ ஒரு வேலியைத் தாண்டியிருக்கிறது. முள் கிழித்திருக்கிறது. வலித்திருக்கிறது. ஆறியிருக்கிறது. அந்தக் காயம் கடல் தாண்டி, மலை தாண்டி, நம் ஊர்த் தென்னை நிழலுக்கு வந்து என் விரலுக்குக் கீழே இருக்கிறது. ஏஞ்சல் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து மெதுவாக இழுத்தாள். 

எனக்குக் கணக்கு நேராக வேண்டும். வரவும் செலவும் ஒத்துப் போகாவிட்டால் எனக்கு உறக்கம் வராது. ஆனால் இந்தக் கணக்கை நான் எப்படி நேராக்குவேன்? உழுதது நமக்காக. பால் சுரந்தது நமக்காக. சாணத்தையும் கொடுத்தது நமக்காக. கடைசியில் தன்னைப் போர்த்தியிருந்ததையும் கழற்றிக் கொடுத்தது நமக்காக. நாம் கொடுத்தது ஒரு கை வைக்கோல். அதோடு கூட, அதன் தோலைத் தொட்டவர்களுக்கு ஓர் இழிந்த பேர்!

பங்கிராஸ் அண்ணன் வேலை முடிகிற நேரத்துக்கு வந்தார். “என்னாத்தா, ரெக்சின் வாங்கியாச்சா?” என்று கேலியாகத்தான் வந்தார். கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தார். தேன் நிறம் திரும்பியிருந்தது. நாற்றம் போயிருந்தது. கர்ணன் பக்கத்தில் கை கட்டி நின்றார், கோயிலில் நிற்பது போல. அண்ணன் உள்ளே உட்கார்ந்து பக்கத்து இருக்கையில் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை. வைத்த கை வைத்தபடியே இருந்தது.

“கை வச்ச எடம் கதகதன்னு இருக்கே ரீட்டா? வண்டி வெயில்ல கூட நிக்கலயே?”

“அது உங்க சூடுதான் அத்தான். தோல் வாங்கி வச்சுக்கிட்டு, உங்களுக்கே திருப்பித் தருது.”

அவர் எழுந்து போய்விட்டார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆகவே அன்பர்களே, எல்லோரும் இப்போது அந்த ஷட்டரைப் பாருங்கள். பெயிண்டர் ஒச்சாண்டி எழுதியிருக்கிறார். ‘ரீட்டா - ஏஞ்சல் கார்’ என்று இருக்கிறது. பிறகு ஒரு வெற்றிடம் இருக்கிறது. பிறகு ‘இருக்கை பராமரிப்பு’ என்று இருக்கிறது. “நடுவுல பல்லு விழுந்த மாதிரி இருக்கேக்கா” என்று ஒச்சாண்டி கேட்டாராம். “இருக்கட்டும்ணே” என்றாளாம் ரீட்டா. மூத்தவர் சொல்லை மீறி ‘தோல்’ என்று எழுத அவளுக்கு மனம் இல்லை. ஏஞ்சலின் தகப்பனை மறைத்து ‘லெதர்’ என்று எழுதவும் அவளுக்கு மனம் இல்லை. ஷட்டர் இன்னும் பூட்டியே இருக்கிறது. மந்திரிக்க வந்த தீர்த்தம் செம்பில் காத்திருக்கிறது.

நான் கேட்கிறேன். தோள் கொடுத்தவனுக்கு மாலை போடுகிறோமே, தோல் கொடுத்ததற்கு என்ன போட்டோம்? நம் புனிதரின் தேர் பவனிக்கு முன்னால் முழங்கி வருகிறதே மேளம், அது எதனால் முழங்குகிறது? பிறந்த பிள்ளையை மடியில் கிடத்தி, எண்ணெய் தடவி, உருவி உருவி நீவி விடுகிறாளே தாய், அவள் செய்கிற வேலைக்குப் பேர் என்ன? தாய்மார்களே, சத்தமாகச் சொல்லுங்கள்! தோல் வேலை! நாம் எல்லோரும் தோல் வேலைக்காரிகள்தான்!

இன்னும் ஒன்றே ஒன்று. பங்குச் சாமி இங்கே இருக்கிறார், நான் தவறாகச் சொன்னால் திருத்தட்டும். நம் ஆதித்தாயும் ஆதித்தகப்பனும் சொல் தவறினார்கள். ஆண்டவருக்குக் கோபம் வந்தது. தோட்டத்தை விட்டு வெளியே போங்கள் என்றார். ஆனால் வெறும் மேனியோடு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. வெளியே குளிருமே, முள் கிழிக்குமே என்று நினைத்தார். அனுப்புவதற்கு முன்னால் அவர்களுக்கு ஓர் உடை செய்து, தாமே உடுத்திவிட்டார். எதில் செய்தார்? பட்டிலா? பருத்தியிலா? தோலில்! வானதூதர்கள் கோடிக்கணக்கில் சுற்றி நின்றார்களே, ஒருவரிடமாவது அந்த வேலையைக் கொடுத்தாரா? கொடுக்கவில்லையே!

சாமி தலையை அசைக்கிறார். பார்த்தீர்களா? அசைக்கிறார்!

அப்படியானால் உலகத்தில் முதன்முதலாகத் தோல் வேலை செய்த கை யாருடைய கை? விண்ணைச் செய்த கை! மண்ணைச் செய்த கை! நாம் கும்பிடுகிற கை! அந்தக் கை தொட்டதைத் தொட்டவரையா நாம் தீட்டு என்றோம்? அந்தக் கை செய்ததைச் செய்தவரையா நாம் தள்ளி நிறுத்தினோம்? நினைக்க நினைக்க எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. ஆண்டவரே, எவ்வளவு பெரிய பந்தியில், யாருக்குப் பக்கத்தில் ஏஞ்சலின் அப்பாவை உட்கார வைத்திருந்தீர்கள்! எங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்றே!

பங்கிராஸ் அண்ணே! டீக்கடைத் தட்டிக்குப் பின்னால் நீங்கள் நிற்பது தெரிகிறது. உங்கள் மனசைப் புண்படுத்த நான் மைக்கைப் பிடிக்கவில்லை. உங்கள் வாசல், உங்கள் பாகம், உங்கள் வார்த்தை. நீங்கள் வேண்டாம் என்றால் ரீட்டா இந்த ஷட்டரைத் திறக்கமாட்டாள். ஊரறிய உங்களிடம் ஒரே ஒரு சொல்தான் கேட்கிறோம். அந்த வெற்றிடத்தில் என்ன எழுத?

வழி விடுங்கள், வழி விடுங்கள். அண்ணன் வருகிறார். யாரும் கை தட்ட வேண்டாம், அவர் மனசில் என்ன இருக்கிறதோ! அந்த டவுன் பஸ்காரரை யாராவது ஹாரன் அடிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். அண்ணே, மைக்கில் சொல்லுங்கள். மைக் வேண்டாம் என்கிறார். சரி, நானே சொல்கிறேன், எல்லோருக்கும் கேட்கட்டும்.

“ஏலே ஒச்சாண்டி, பெயிண்டு கொண்டாந்திருக்கியா?” என்கிறார்.

“கொண்டாந்திருக்கேன்ணே” என்கிறார் ஒச்சாண்டி.

“அப்ப என்ன வேடிக்கை பாத்துக்கிட்டிருக்க? எழுது. ‘தோல்’னு எழுது. அந்தப் பிள்ள பேர ஏன் இத்தினியூண்டா எழுதியிருக்க? அதையும் ரீட்டா பேருக்குச் சரியாப் பெருசாக்கு. பஸ்ல போறவன் படிக்கணும்ல!” என்கிறார்.

இப்போது கை தட்டுங்கள்! எவ்வளவு வேண்டுமானாலும் தட்டுங்கள்! ஏஞ்சல், துப்பட்டாவை முகத்திலிருந்து எடு ஆத்தா, உன் பேரைப் பெரிசாக எழுதுவதை நீ பார்க்க வேண்டாமா? அண்ணன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துவிட்டார். கொடுக்கிறார். ரீட்டா கையில் இல்லை பெரியோர்களே, ஏஞ்சல் கையில்!

 ஒதுக்கி வைத்த சொல்லெல்லாம் தீர்ந்துவிட்டது. கடையைப் பூட்டிவிட்டு வந்த தலைவர் அய்யாத்துரை ஐயாவுக்கும், தீர்த்தத்தோடு பொறுமையாகக் காத்திருந்த பங்குத்தந்தைக்கும், தன் வண்டியை நம்பி ஒப்படைத்த கர்ணன் சாமிக்கும், வந்திருந்து வாழ்த்திய அத்தனை பேருக்கும் அன்பியத்தின் சார்பில் என் நன்றியைக் காணிக்கையாக்குகிறேன். ஷட்டர் ஏறுகிறது. எல்லோரும் உள்ளே வாருங்கள். எழுத்து இன்னும் ஈரமாக இருக்கிறது, யாரும் கை வைத்துவிடாதீர்கள்.

வணக்கம்.